டெக்கார்ட் பயந்துபோன ஐயவாதியா?

ஜூலை 3, மாலை 6.20 (கேள்வி)

அண்ணா நகரில் சிவில் சர்வீஸ் வகுப்புக்குப் போகிறேன். விருப்பப் பாடம் தத்துவம். பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட்டின் முறைசார் ஐயமும் (உறுதியான ஒன்றைத் தேடித் திட்டமிட்டுச் சந்தேகிப்பது) ஐயவாதமும் (முடிவுக்கு வராமல் சந்தேகத்திலேயே நிற்பது) வேறு வேறு என்று நோட்ஸில் ஒரு வரி இருக்கிறது, காரணம் இல்லை. இவரும் புலன்களைச் சந்தேகித்தார், ஐயவாதிகளும் சந்தேகித்தார்கள். இவர் பாதி வழியில் இறங்கிவிட்டார், அவ்வளவுதானே? டெக்கார்ட் பயந்துபோன ஐயவாதி என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூலை 3, இரவு 11.05

"பயந்துபோன ஐயவாதி" கேட்க நன்றாக இருக்கிறது. தேர்வுத்தாளில் மட்டும் எழுதிவிடாதீர்கள் தம்பி.

நான் தத்துவம் படித்தவன் இல்லை. மயிலாப்பூர் பக்கம் ஆடிட்டர். சந்தேகப்படுவதற்கு ஃபீஸ் வாங்குகிறவன் என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் கட்சிக்கு டெக்கார்ட்டே பதில் எழுதி வைத்திருக்கிறார். 1637ல் வெளியான 'முறை பற்றிய உரை'யின் மூன்றாம் பகுதியில், சந்தேகத்துக்காகவே சந்தேகப்படுகிற, எப்போதும் முடிவுக்கு வராதவர்போல் காட்டிக்கொள்கிற ஐயவாதிகளைத் தான் பின்பற்றவில்லை என்கிறார். உதிரி மண்ணையும் மணலையும் தள்ளிவிட்டுப் பாறையைத் தொடுவதுதான் நோக்கமாம். சரி, ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அவர் சொன்னதை விட்டுவிட்டுச் செய்ததைப் பார்ப்போம்.

1641ல் வந்த 'தியானங்கள்' நூலில் அவர் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கவில்லை. அப்படிப் போனால் வேலை முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அவை எதன்மேல் நிற்கின்றனவோ அதைத் தட்டிப் பார்க்கிறார். முதலில் புலன்கள். தூரத்தில் இருப்பதிலும் மிகச் சிறியதிலும் அவை ஏமாற்றியிருக்கின்றன. ஆனால் கணப்பு எரிகிற இடத்தில், கையில் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன் என்பதிலுமா? அதைத் தொடக் கனவு வருகிறது. கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதானே? அதையும் தொட வேண்டும் என்றால், எல்லா வல்லமையும் கொண்டு நம்மை ஏமாற்றவே உட்கார்ந்திருக்கும் ஒரு தீய சக்தி தேவைப்படுகிறது. முந்தைய படி எதைத் தொடாமல் விட்டதோ அதற்காகத்தான் அடுத்த படி.

தணிக்கையும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு கம்பெனியின் எல்லா வவுச்சரையும் யாரும் பார்ப்பதில்லை. வவுச்சரை யார் போடுகிறார், யார் கையெழுத்து, அந்தக் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போக வழி உண்டா என்று பார்ப்போம். அங்கே ஓட்டை என்றால், அதைத் தாண்டி வந்த வவுச்சர் மொத்தமும் கேள்விக்குரியது.

அந்தத் தீய சக்தி எவ்வளவு ஏமாற்றினாலும், ஏமாறுவதற்கு நான் இருந்தாக வேண்டும். டெக்கார்ட் நிற்கிற இடம் அது. எந்த மாதிரிப் பொருள் கையில் தட்டினால் தோண்டுவதை நிறுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தோண்டியவர். ஆகவே என் அளவுகோல் இது: சந்தேகப்படுகிறவரிடம் "எது கிடைத்தால் நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வைத்திருப்பவர் முறைக்காரர். பதிலே இல்லாதவர் மற்றவர்.

நாளைக்குள் யாராவது இதை உடைப்பீர்கள், தெரியும்.

ஜூலை 4, காலை 7.40

பழைய கிரேக்க ஐயவாதி பிர்ரோ வண்டிக்கு முன்னால் நடந்தார், நாய்க்கு ஒதுங்கவில்லை, நண்பர்கள்தான் கூடவே போய்க் காப்பாற்றினார்கள் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கதை, தத்துவவாதிகளின் வாழ்க்கையை எழுதிவைத்த டயோஜெனஸ் லயர்டியஸிடம் இருக்கிறது. அதே இடத்தில் மறுப்பும் இருக்கிறது. தத்துவத்தில்தான் அவர் தீர்ப்பை நிறுத்திவைத்தார், அன்றாடக் காரியத்தில் கண்ணைத் திறந்துகொண்டுதான் நடந்தார் என்று பிற்கால ஐயவாதி ஈனெசிடெமஸ் சொல்கிறார். தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார் என்றும் எழுதியிருக்கிறது. வண்டி இருப்பதை உண்மையாகவே சந்தேகித்துக்கொண்டு கத்திப்பாராவில் ரோடு கடப்பவருக்கு அந்த வயது வராது.

அலெக்சாந்தருடன் இந்தியா வந்து இங்கிருந்த துறவிகளைச் சந்தித்தவர் அவர். இங்கிருந்துதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டு போனார் என்று உடனே மார்தட்ட ஒரு கூட்டம் வரும். சந்தித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜூலை 4, இரவு 10.30

எதிர்பார்த்தபடி உடைப்பு. "பழைய ஐயவாதத்தை நூலாக எழுதிவைத்த செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸிடம் உங்கள் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வார்?"

நியாயம். அவர் புத்தகமே அதில்தான் தொடங்குகிறது. தேடுகிறவர்கள் மூன்று வகை: கண்டுபிடித்துவிட்டோம் என்பவர்கள், கண்டுபிடிக்கவே முடியாது என்பவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். மூன்றாவது வகைதான் ஐயவாதி, அதாவது தன் ஆள், என்கிறார். "எதையும் அறிய முடியாது" என்று அடித்துச் சொல்கிறவரை அவர் பக்கத்தில் சேர்ப்பதில்லை. அதுவும் ஒரு முடிந்த முடிவுதானே.

இதற்கு எங்கள் தொழிலில் தனித்தனி அறிக்கையே உண்டு. கணக்கு தவறு என்று சான்றோடு தெரிந்தால் அட்வர்ஸ் ஒபினியன். போதிய சான்று கிடைக்கவில்லை, அதனால் சரி என்றும் சொல்லமாட்டேன், தவறு என்றும் சொல்லமாட்டேன் என்றால் டிஸ்க்ளெய்மர். இரண்டையும் குழப்புகிற ஆர்ட்டிகிள் பையனுக்கு (ஆடிட்டரிடம் பயிற்சியில் இருப்பவர்) அன்றைக்கு அர்ச்சனை நிச்சயம். செக்ஸ்டஸ் எழுதுவது டிஸ்க்ளெய்மர். உங்கள் நோட்ஸில் 'ஐயவாதி' என்று இருப்பவர் பெரும்பாலும் அட்வர்ஸ் எழுதுகிறவர்.

ஒரு நிபந்தனையும் உண்டு. சான்றைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பியவர்தான் டிஸ்க்ளெய்மர் எழுதலாம். ஏசி ரூமை விட்டு நகராதவர் எழுதக் கூடாது.

அப்போது செக்ஸ்டஸுக்கும் டெக்கார்ட்டுக்கும் என்ன வேறுபாடு மிஞ்சுகிறது? போய்ச் சேரும் இடம். ஒரு பக்கத்து வாதத்துக்குச் சமமாக எதிர்வாதத்தை நிறுத்து, தீர்ப்பு தானாக நின்றுபோகும், மனம் அமைதியாகும் என்கிறார் செக்ஸ்டஸ். அப்பெல்லஸ் என்ற ஓவியரைச் சொல்கிறார்: குதிரையின் வாய் நுரை சரியாக வரவில்லை என்று வெறுத்துப்போய், தூரிகை துடைக்கும் பஞ்சைப் படத்தின்மேல் எறிந்தாராம். நுரை அச்சாக வந்துவிட்டதாம். அமைதியும் அப்படித்தான், தேடுவதை விட்டபோது வந்து சேர்ந்தது என்கிறார். டெக்கார்ட் பஞ்சை எறிகிற ஆள் இல்லை.

ஜூலை 6, பகல் 12.15

ஏசி ரூமில் உட்கார்ந்தவர் யார் என்று கேட்கிறார்கள். ஏசி ரூம் இல்லை, டீக்கடை.

ஆர்ட்டிகிள்ஷிப் காலம். மாதவரம் பக்கம் ஒரு காகித வியாபாரியின் கோடவுன், மார்ச் 31, ஸ்டாக் எண்ண இருவர் போனோம். கூட வந்தவர் அபாரமான சந்தேகப் பிராணி. ரீம் கட்டுக்குள் காகிதம்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? லேபிள் பொய்யாக இருக்கலாம். தராசு பொய்யாக இருக்கலாம். பக்கத்துக் கோடவுன்காரரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி அடுக்கியிருக்கலாம். ஒன்றுகூட அபத்தம் இல்லை, எல்லாமே எங்காவது நடந்தவைதான். அப்புறம் என்ன செய்தார்? "எப்படியும் தெரியப் போவதில்லை" என்று டீக்கடையில் உட்கார்ந்து, முதலாளி கொடுத்த பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்.

மதியம் சீனியர் வந்தார். முன்வரிசையை விட்டுவிட்டுப் பின்வரிசையிலிருந்து கட்டுகளை இறக்கிப் பிரிக்கச் சொன்னார். பட்டியலில் உள்ளது தரையில் இருக்கிறதா என்று ஒரு தடவை, தரையில் உள்ளது பட்டியலில் இருக்கிறதா என்று மறு தடவை. கடைசி டெலிவரி சலான் எண்ணைக் குறித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள், ஏற்கெனவே பில் போட்டு விற்றாகிவிட்ட சரக்கும் ஸ்டாக்கில் ஏறியிருப்பது தெரிந்துவிட்டது.

சீனியரின் சந்தேகம் என் கூட்டாளியின் சந்தேகத்தைவிட மிகச் சின்னது. தராசை அவர் சந்தேகிக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு வேலை இருந்தது: கட்டைப் பிரி, எண்ணைப் பார். எல்லாவற்றையும் சந்தேகித்தவர் கடைசியில் முதலாளியின் பட்டியலை முழுசாக விழுங்கினார். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். முழுச் சந்தேகமும் முழு நம்பிக்கையும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காரும்.

ஜூலை 7, இரவு 9.50

"இதெல்லாம் ஐரோப்பியச் சண்டை, நமக்கென்ன" என்ற பின்னூட்டத்துக்கு.

மணிமேகலையை எடுங்கள், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி மாநகரில் மாதவன் (ஆண் துறவி) வடிவம் எடுத்துக்கொண்டு மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் "உன் கொள்கையைச் சொல்" என்று கேட்டுக்கொண்டு வருகிறாள். இந்த வரிசையே ஒரு முறை. கேட்கிறாள், அடுத்தவரிடம் போகிறாள். கடைசியில் பூதவாதி, அதாவது பொருளே எல்லாம் என்பவன். கண்ணால் கண்டதுதான் உண்மை, அனுமானம் பொய், மறுபிறப்பு என்பதெல்லாம் பொய் என்கிறான். முற்பிறப்பை அறிந்தவர்களும் உண்டு என்று அவள் சிரிக்க, தெய்வ மயக்கத்தாலோ கனவாலோ மனம் பேதலித்தவர்கள் சொல்வது அது, ஐயத்துக்கு இடமானது என்று மடக்குகிறான். தெய்வ மயக்கு, கனவு. டெக்கார்ட்டுக்குப் பல நூற்றாண்டு முன்பே அவருடைய இரண்டு ஆயுதங்களும் ஒரே வரியில் இருக்கின்றன.

மணிமேகலையின் பதில்தான் எனக்குப் பிடித்தது. உன்னைப் பெற்ற தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். அவள் எதையும் நிரூபிக்கவில்லை, கவனியுங்கள். இந்தச் சந்தேகத்தை உன் வீட்டு வாசல்வரை கொண்டுபோ பார்க்கலாம் என்கிறாள். மறுபிறப்பு விஷயத்தில் நான் பூதவாதி கட்சிதான். ஆனாலும் இந்தச் சுற்றில் அவன் அவுட்.

ஜூலை 7, இரவு 10.05

தாய் தந்தையை அறியப் பிறப்புச் சான்றிதழ் போதுமே என்றவருக்கு. இல்லை, அது காட்சி, அதாவது நேரில் கண்டது, ஆகாது. உரை, அதாவது பிறர் சொல். அதை வழங்கிய அதிகாரியை நம்ப வேண்டும். ஆடிட்டரிடம் ஆவணத்தை நீட்டாதீர்கள்.

ஜூலை 9, இரவு 11.40

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து நன்றாகவே அடித்திருக்கிறார்: "வெளியே வருவோம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போவது சந்தேகமா, நாடகமா?"

இதே அடியை 1868ல் அமெரிக்கத் தத்துவவாதி பியர்ஸ் அடித்தார். மனத்தில் சந்தேகிக்காததைத் தத்துவத்தில் சந்தேகிப்பதாகப் பாவனை செய்யாதீர்கள் என்பது அவர் வாதம். ஒன்றைச் சந்தேகிக்க ஒரு காரணம் வேண்டும், 'சந்தேகிக்கலாமே' என்பது காரணம் ஆகாது.

அதைவிடப் பெரிய அடி 1748ல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமிடமிருந்து வந்தது. இங்கே என் முதல் குறிப்பின் அளவுகோலை இறுக்கியாக வேண்டும். நம் அறியும் கருவிகளையே மொத்தமாகச் சந்தேகித்துவிட்டால், அந்தச் சந்தேகத்திலிருந்து வெளியேற எதைப் பயன்படுத்துவீர்கள்? அதே கருவிகளைத்தானே? டெக்கார்ட் சொல்கிற சந்தேகம் மனிதருக்கு வாய்க்காது, வாய்த்தால் குணமாகவே ஆகாது என்கிறார். ஆகவே "எது கிடைத்தால் நிறுத்துவீர்கள்" என்று பதில் வைத்திருப்பது மட்டும் போதாது. அது கிடைத்ததா இல்லையா என்று பார்க்க, சந்தேகிக்காத ஏதோ ஒன்றைக் கையில் மிச்சம் வைத்திருக்க வேண்டும். கோடவுனில் சீனியர் தராசை விட்டுவைத்த மாதிரி.

டெக்கார்ட் அதை விட்டுவைத்தாரா? 1641லேயே பிரெஞ்சு இறையியலாளர் ஆர்னோ கேட்டுவிட்டார். நாம் தெளிவாகக் காண்பது உண்மை என்பதற்குக் கடவுள் உத்தரவாதம், கடவுள் இருக்கிறார் என்பதற்கு நாம் அதைத் தெளிவாகக் காண்பது உத்தரவாதம் என்றால், இது சுற்று அல்லவா? எங்கள் மொழியில் சொன்னால், கடன் பாக்கியை உறுதிசெய்யும் கடிதம் எதிர்ப்பார்ட்டியிடமிருந்து வரவில்லை, கணக்கு எழுதினவரே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். 'நான் இருக்கிறேன்' என்பது நிற்கிறது. அதற்கு மேல் கட்டியதில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஆனால் இதனால் டெக்கார்ட் ஐயவாதி ஆகிவிடமாட்டார், தம்பி. முறை தோற்றது என்பதும் முறையே இல்லை என்பதும் வேறு. ஹியூமே இதன் மிதமான வடிவத்தைப் பாராட்டுகிறார்: தெளிவான இடத்தில் தொடங்கு, மெல்ல அடி வை, அடிக்கடி திரும்பிப் பார்.

ஜூலை 10, காலை 6.55

"இவ்வளவு சந்தேகத்தோடு எப்படி ஐயா வாழ்வது" என்று கேட்டவருக்கு.

2015 டிசம்பர் ஒன்றாம் தேதி இரவு. அப்போது நாங்கள் ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்கு ரொம்பப் பக்கம். கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு கணக்கு. மாடிக்குப் போவதா, கிளம்பிவிடுவதா? போதிய சான்று கிடையாது, டிஸ்க்ளெய்மர் எழுதிவிட்டுக் கட்டிலில் படுக்கவும் முடியாது. கேஸ் சிலிண்டர், அம்மாவின் மாத்திரை, பத்திரங்கள் எல்லாவற்றையும் மொட்டை மாடி அறைக்கு ஏற்றினோம். ஏற்றியபின் யாரும் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்று அப்பா ஆர்டர் போட்டுவிட்டார். விடிவதற்குள் கீழ்வீட்டில் தண்ணீர்.

டெக்கார்ட் இதற்குத் தனியாக விதி வைத்திருந்தார் என்பதை மிகப் பிற்பாடுதான் படித்தேன். சந்தேகம் முடியும்வரை வாழ்ந்தாக வேண்டுமே, அதற்காகச் சில தற்காலிக விதிகள். ஊர்ச் சட்டத்தையும் வழக்கத்தையும் பின்பற்று. உறுதியில்லாத முடிவானாலும், எடுத்தபின் உறுதியானதுபோலவே நட. காட்டில் வழி தவறியவன் அங்குமிங்கும் அலையாமல் ஒரே திசையில் நடந்தால் நடுக்காட்டில் நிற்பதைவிட மேலான இடத்துக்காவது வந்து சேர்வான் என்கிறார். செக்ஸ்டஸும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்: இயற்கை தந்த அறிவு, பசி தாகம், ஊர் வழக்கம், கற்ற தொழில், இந்த நான்கை வைத்து வாழ்ந்துகொள். இருவரும் ஒரே மாடிக்குத்தான் ஏறியிருப்பார்கள். டெக்கார்ட்டுக்கு அது தற்காலிக ஏற்பாடு. செக்ஸ்டஸுக்கு வாழ்க்கையே அதுதான்.

அந்த வாரம் இன்னொரு வகையையும் பார்த்தோம். டிவியை நம்பாதே, அரசாங்கத்தை நம்பாதே, வானிலை ஆய்வு மையத்தை நம்பவே நம்பாதே என்றவர்கள்தான், நாசா சொன்னதாக வந்த 'இன்னும் பெரிய மழை' வாட்ஸ்அப் செய்தியை எல்லோருக்கும் அனுப்பினார்கள். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்பதையும். டீக்கடைக் கூட்டாளி நினைவுக்கு வந்தார்.

ஜூலை 12, இரவு 10.20

நம் தர்க்க மரபான நியாயம் பற்றிக் கேட்டவருக்கு. அதன் மூலநூலை எழுதிய கோதமரின் பதினாறு பதார்த்தங்களில் (ஆராய்ச்சிக்கான தலைப்புகள்) ஐயம் மூன்றாவது. அங்கே ஐயம் ஆராய்ச்சியின் வாசல். அந்தி இருட்டில் தெரிவது தூணா ஆளா என்ற பழைய உதாரணம். உயரம் இரண்டுக்கும் பொது, பிரித்துக் காட்டும் அடையாளம் கண்ணில் படவில்லை, அதனால் ஐயம். காரணமின்றி வராது. பியர்ஸ் கேட்டது இதைத்தான்.

நம் தொல்காப்பியர் இதைக் காதலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். தலைவன் முதன்முதலில் அவளைப் பார்க்கிறான், தெய்வப் பெண்ணோ என்று ஐயம். "சிறந்துழி ஐயம் சிறந்தது" என்கிறார். அதாவது எதிரே நிற்பவள் உயர்வாகத் தோன்றும் இடத்தில்தான் ஐயம் எழும். உடனே அடுத்த நூற்பாவில் ஐயத்தைக் களையும் கருவிகள்: வண்டு மொய்க்கிறதா, அணிந்த பூ, கண், இமைப்பு, அச்சம். தெய்வ மகளிர் இமைப்பதில்லை, இவள் இமைக்கிறாள், முடிந்தது. காதல் மயக்கத்திலும் செக்லிஸ்ட்.

மறுபடி நியாய மரபு. உதயணர் பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய மிதிலைக்காரர். ஐயத்துக்கு எல்லை, அது உன் செயலோடு முரண்படுகிற இடம் என்றார். பதினான்காம் நூற்றாண்டில் கங்கேசர் அதை விரித்தார்: புகைக்குக் காரணம் நெருப்பா என்று சந்தேகிக்கிறவன் புகை வேண்டும்போது ஏன் நெருப்பைத் தேடிப் போகிறான், பசி தீருமா என்று சந்தேகிக்கிறவன் ஏன் சோற்றில் கை வைக்கிறான்? மணிமேகலையின் கேள்வியேதான்.

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. நடுவில், பன்னிரண்டாம் நூற்றாண்டில், வேதாந்தி ஸ்ரீஹர்ஷர் உதயணரின் செய்யுளையே சில சொற்களை மாற்றி அவர்மேலேயே எறிந்தார்: ஐயத்துக்கும் செயலுக்கும் முரண்பாடு இருந்தால் ஐயமும் இருக்கிறது என்று ஆகிறதே, பிறகு அது எப்படி ஐயத்தை நிறுத்தும்? இதற்கு எனக்கு நல்ல பதில் இல்லை. கங்கேசர் சொல்லும் பதிலைப் படித்தேன், பாதி புரிந்தது. சோற்றில் கை வைப்பது பழக்கத்தாலும் இருக்கலாமே என்று செக்ஸ்டஸ் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஜூலை 15, இரவு 9.30

தம்பி திருத்திய கட்சி: "டெக்கார்ட் பயந்தவர் அல்லர், கெடு வைத்துக்கொண்டு சந்தேகித்தவர்." பாதி ஒத்துக்கொள்கிறேன். வாழ்நாளில் ஒரு தடவை இதைச் செய்து முடித்துவிட வேண்டும் என்று அவரே எழுதுகிறார். ஆனால் கெடு மட்டும் இருந்தால் போதாது. டீக்கடையில் உட்கார்ந்த என் கூட்டாளிக்கும் சாயங்காலம் ஆறு மணி என்ற கெடு இருந்தது.

பதிலை எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். நோக்கத்தை முதல் பத்தியில் வையுங்கள், படிகளை இரண்டாவதில். ஹியூமை விடாதீர்கள், ஆர்னோவுக்கு ஒரு வரி. "எதையும் அறிய முடியாது" என்பவரையும் செக்ஸ்டஸையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

பழைய இந்தியத் தத்துவவாதி ஜெயராசி பட்டரைச் சேர்க்கலாமா என்றால், இடம் இருந்தால் சேருங்கள். ஏறக்குறைய எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு. அவருடைய தத்துவோபப்லவசிம்மம் குஜராத்தின் பாடணில் 1926ல் ஓலைச்சுவடியாகக் கிடைத்து, 1940ல் பரோடாவில் அச்சானது. காட்சி, அனுமானம் எதையும் மிச்சம் வைக்காமல் ஒவ்வொரு அளவையையும் (அறியும் வழி) அதன் சொந்த இலக்கணத்தாலேயே கவிழ்க்கிறார். முடிவில், கோட்பாடுகள் எல்லாம் கவிழ்ந்துவிட்டதால் ஆராயாமலே நடக்கும் அன்றாட வாழ்க்கை இனி ரம்மியமாக நடக்கட்டும் என்கிறார். இவ்வளவு முறையாக வேலை பார்த்து இங்கே வந்து நிற்பவரை, என் அளவுகோலில் எந்தப் பக்கம் போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு முடியும்வரை இந்தப் பக்கம் வரமாட்டேன், அதற்குள் யாராவது முயன்று பாருங்கள்.